சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போட்டிக்காரி

கிளி என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். யார் பேசினாலும் அச்சு அசலாகத் திருப்பிப் பேசிக் காட்டுவாள். மாமாவின் இருமலைக்கூட மாமாவைவிட நன்றாக இருமுவாள். அந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் நாடகப் பரீட்சையில் ஒவ்வொரு நிலையாக ஏறி வந்தாள். கடைசி நிலையில் போன முறை குப்புற விழுந்தாள். ‘குரல் இருக்கிறது, பயம் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார் தேர்வாளர். இந்த முறையும் கோட்டை விட்டால், பள்ளியில் நாடகம் சொல்லித்தரும் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

இம்முறை பாடத்திட்டத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்ட நாடகத் துண்டு, அறைக்குள் பூட்டப்பட்ட ஒரு மனைவி, கதவுக்கு வெளியே நிற்கும் கணவனிடம் கெஞ்சுவது. முதல்நாள் பயிற்சியிலேயே அடுக்குமாடி முழுக்கப் பதறிக்கொண்டு ஓடிவந்தது. அம்மாவுக்கு மானம் போயிற்று. வீடுவீடாக ஏறி இறங்கி, “பரீட்சைக்குப் படிக்கிறா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கதவும் திறக்கவில்லை. மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கர் மட்டும் படிக்கட்டில் பார்த்தால், “நேத்து அழுகை பிரமாதம்” என்று விமரிசனம் செய்வார்.

பக்கத்து வீட்டுக்கு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் குடிவந்த சில நாளில், சாயங்காலங்களில் சுவர் வழியாக அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒரு பெண் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

கிளிக்கு வயிறு எரிந்தது. அதே துண்டு! இவளும் இதே பரீட்சைக்குப் படிக்கிறாளா? சுவரில் காதை வைத்து, ஒரு தேர்வாளரைப் போலக் குற்றம் கண்டுபிடித்தாள். மூச்சு வயிற்றுக்கே இறங்கவில்லை, மேல்நெஞ்சிலேயே நிற்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறாள். அதைவிட மோசம், துண்டில் இல்லாத வரியெல்லாம் சேர்க்கிறாள். “இனிமே அம்மாவுக்குப் போன் பண்ண மாட்டேங்க” என்று எந்த வசனத்தில் வருகிறது? மதிப்பெண் போய்விடுமே என்று கிளி அற்பமாகச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் அந்த நடுக்கம் மட்டும் அவளைத் தூங்கவிடவில்லை. அது தனக்கு வராதது. வரவழைத்தே தீருவது என்று கிளி கிளியானாள். அங்கே குரல் ஓய்ந்ததும் இங்கே இவள் தொடங்குவாள்.

மாடிப்படியில் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டே விட்டாள். மனிதர் கஞ்சி போட்ட சட்டையும் மலர்ந்த முகமுமாக இருப்பவர்.

“அக்காவும் நாடகப் பரீட்சை எழுதுறாங்களா, சார்? சுவர் வழியா கேக்குது.”

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஆமாம்மா, அதேதான். வெளிய சொல்ல வெக்கப்படுவா, நீங்களும் சொல்லாதீங்க. நீங்க எங்களுக்காகக் குரலை அடக்காதீங்க, நல்லா சத்தமாவே பண்ணுங்க.”

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று? கிளிக்கு மதி முழுக்கப் பரீட்சையில் இருந்தது.

ஒருமுறை மொட்டைமாடியில் அந்த மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலில் மணிக்கட்டுவரை கை மூடிய சட்டை. கிளி ஆவலாகக் கிட்டே போனாள்.

“அக்கா, ‘திறங்க’ன்னு சொல்றப்ப மூச்சை நடுவுல எப்படி உடைக்கிறீங்க? எனக்கு வரவே மாட்டேங்குது.”

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“உங்களுக்குக் கேக்குதா?”

“தினமும் கேக்குறேனே!”

“கேட்டுக்கிட்டே இருக்கீங்களா?” என்றாள் அவள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். திறமைசாலிகளுக்குத் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும் என்று கிளி நினைத்துக்கொண்டாள்.

பரீட்சையன்று காலையிலேயே கிளம்பினாள். வெறும் அறை, ஒரு நாற்காலி, மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு தேர்வாளர் அம்மாள். கிளி கெஞ்சத் தொடங்கினாள். மூச்சை மேல்நெஞ்சில் நிறுத்தினாள், கடைசிச் சொற்களை விழுங்கினாள், ‘திறங்க’வை நடுவில் உடைத்தாள். முடித்தபோது தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

அடுத்தது கேள்வி பதில்.

“நாங்க சொல்லிக்குடுக்குற எல்லாத்துக்கும் நேர்மாறாப் பண்றீங்க. ஆனா எனக்கு உடம்பு நடுங்குது. இதை எங்க பிடிச்சீங்க?”

“பக்கத்து வீட்டு அக்காகிட்ட, மேடம். அவங்களும் இதே நிலைக்குத்தான் எழுதுறாங்க.”

“இல்லையே. இந்த நிலைக்கு இந்தத் தடவை நீங்க ஒருத்தர்தான்.”

துண்டில் இல்லாத அந்த வரிகள் ஒவ்வொன்றாகக் கிளியின் காதில் கேட்டன. அம்மாவுக்குப் போன் பண்ண மாட்டேங்க. கையை விடுங்க, ஏற்கெனவே வீங்கியிருக்கு. இதையெல்லாம் கேட்டுவிட்டா மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம்? சொல்லிக்கொள்ளாமல் எழுந்து ஓடினாள். ஆட்டோவிலிருந்தே போலீசுக்குப் போன் செய்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

வாசலில் காவலாளி அவளைப் பார்த்து விழித்தார்.

“என்னம்மா, வெளியிலேருந்து வர்றீங்க? இப்பகூட உங்க சத்தம் கேட்டுச்சே. இன்னிக்கு ரொம்ப நேரம். அப்புறம் பட்டுன்னு நிறுத்திட்டீங்க.”

“அது நான் இல்ல! பக்கத்து வீட்டுக்காரர் எங்க?”

“இப்பத்தான் பையைத் தூக்கிக்கிட்டுப் போனாரு. ஊருக்காம்.”

“அண்ணே, மேல வாங்க, கதவை உடைக்கணும்! அந்தக்கா உள்ள இருக்காங்க!”

அவர் சிரித்தார். “இதுவும் பரீட்சையில வருதாம்மா? நெசமாட்டமே இருக்கு.”

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கிளி தாவித் தாவி ஏறினாள். கதவில் பெரிய பூட்டு தொங்கியது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எதுவோ தரையில் உரசியது, மெல்ல, விட்டுவிட்டு. உயிர் இருக்கிறது!

தோளால் மோதினாள், காலால் உதைத்தாள், கதவு அசையவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கிளி படிக்கட்டின் நடுவில் நின்று, அரங்கத்தின் கடைசி வரிசைவரை போகும் தன் குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினாள்.

“யாராவது வாங்க! நடிக்கல! சத்தியமா நடிக்கல! ஒரு உயிர் போகுது, வாங்க!”

கீழே ஒரு வீட்டில் டிவியின் ஒலியைக் கூட்டினார்கள். கிளி அழுதுகொண்டே மறுபடியும் கத்தினாள், தொண்டை கிழியும்வரை கத்தினாள். கதவுக்கு உள்ளே உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது. மேல்மாடியில் கணக்கர் கை தட்டினார்.