ஐந்தாம் பாட்டின் இரண்டு கிட்டார்

“ரெண்டாவது அடி முடிஞ்சதும் கிட்டார் நாலு எண்ணிக்கைக்கு வாயை மூடிக்கும். எழுதி வச்சுக்கோ” என்றாள் அண்ணி.

“அங்கதான் அண்ணி அது வாயையே திறக்கும். உங்க காதுல என்ன, பஞ்சா?”

“ஆறு வருஷமாக் கேட்கிறேன்டி!”

“நானும்தான். இதே ஒயர்ல, உங்க தோளை இடிச்சுக்கிட்டு.”

நாத்தனாருக்குச் சலவைக்கூடத்தில் ‘நீராவி’ என்று பெயர். மூடியைத் திறந்தால் முகத்தில் அடிப்பாள். அண்ணி அவளுக்கு மட்டும்தான் அண்ணி. ஆனால் கூடமே அப்படித்தான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி உருளை தேய்த்துத் தள்ள, அடுத்தடுத்து நின்று ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்பது இவர்கள் வேலை. அபாய மணி கேட்க வேண்டும், அதனால் ஒரு காது திறந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே இயர்போனை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடதுபக்கக் குமிழ் அண்ணிக்கு. வலதுபக்கக் குமிழில் ரப்பர் போய்விட்டது. அது உறுத்தும் என்பதால் இளையவள் தலையில் கட்டியாயிற்று.

கேட்டதெல்லாம் ஒரே ஆல்பம். யாரோ நாலு பேர் கார் ஷெட்டில் பதிவு செய்து, எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே வெளியிட்ட ராக் பாட்டுகள், பத்து. ஸ்பீக்கர் இல்லாத ஒரு குட்டி பிளேயரில் இருந்தது. இருவரும் சேர்ந்து வாங்கியது; யார் வீட்டுக்குப் போவது என்று தீர்ப்பாகாததால், வேலை முடிந்ததும் லாக்கருக்குள் போய்விடும்.

கூடத்தின் ஆண்டு விழா சனிக்கிழமை. அதில் ஐந்தாம் பாட்டை வாசிக்கத்தான் இருவரும் கிட்டார் வாங்கி மூன்று மாதமாக விரலைத் தேய்த்தார்கள். அந்தச் சாக்கில் மற்ற ஒன்பதும் அரைகுறையாக விரலில் ஏறிவிட்டன. ஒரு வாரம் அண்ணி சொன்னபடி, மறுவாரம் நீராவி சொன்னபடி, இருவரும் ஒரே மாதிரி. எப்படி வாசித்தாலும் பாட்டு மொட்டையாகவே நின்றது. போன வாரம் கேட்ட சூப்பர்வைசர் அம்மா, “பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. அடுத்த புதன் மத்தியானம் இன்னொரு தடவை பாக்கறேன். தேறலைன்னா அந்த இடம் பேக்கிங்காரங்க மிமிக்ரிக்கு” என்று முடித்துவிட்டாள்.

அந்தப் புதன்தான் இன்று.

“மிமிக்ரிக்காரன் போன வருஷம் என் நடையையே செஞ்சு காட்டினான். அவன்கிட்டத் தோத்தா இந்தக் கூடத்துல நான் எப்படி நடக்கிறது?” என்றாள் அண்ணி.

“அதுக்கு முதல்ல உங்க நாலு எண்ணிக்கையை விடுங்க. அப்புறம் அண்ணி… குமிழை மாத்திக்கலாமா? காதுல ரெண்டாவது ஓட்டை குத்தினேன். புண்ணாயிருக்கு.”

“விழாவுக்கு அலங்காரமா? கொடு, தொலை.”

மாற்றிக்கொண்டார்கள். ஐந்தாம் பாட்டு வந்தது. அண்ணியின் கை விரிப்பிலேயே நின்றது.

“ஏய், பாட்டை மாத்திட்டியா?”

“பொத்தானையே தொடலை. ஆனா… அண்ணி, உங்க கிட்டார் வாயை மூடுது!”

“இங்க திறக்குதுடி! நீ சொன்ன இடத்துலயே திறக்குது!”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உருளை தள்ளிய விரிப்புகள் தரையில் குவிந்தன.

“ரெண்டு பேரும் சிலையாயிட்டீங்களா?” என்று சூப்பர்வைசர் அம்மா கத்திய பிறகுதான் குனிந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அண்ணி உடைமாற்றும் அறைக்கு ஓடி, இரண்டு குமிழையும் காதில் திணித்தாள். உறுத்தியது. போகட்டும். இடப்பக்கம் ஒரு கிட்டார் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. வலப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. கடைசியில் இரண்டும் பொறுமை இழந்து ஒன்றின்மேல் ஒன்று பேச, நடுவில் பாடகனின் குரல் வீட்டுப் பெரியவர் மாதிரி சமாதானம் செய்தது. ஆறு வருஷமாக அவள் உருகியது பாதிப் பாட்டுக்கு. பாதிக்கே அப்படி என்றால்!

“அழறீங்களா அண்ணி?”

“வாயை மூடிட்டு நீயும் கேளு.”

நீராவி கேட்டாள். முடிந்ததும் பொத்தானை அழுத்தி மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

“மூணு மாசமா உன்னை என் மாதிரி வாசிக்க வச்சேன்” என்றாள் அண்ணி.

“நானும் விட்டேனா? இப்ப ஒத்திகைக்கு நேரமில்லையே?”

“எதுக்கு ஒத்திகை? உன் பாதி உனக்குத் தூக்கத்துலயே வரும். அதையே வாசி. நான் என்னோடதை வாசிக்கிறேன். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.”

“இதைத்தானே நான் உங்க கல்யாணத்துலேர்ந்து சொல்றேன்!”

சாப்பாட்டு அறையில் மடியில் கிட்டாரோடு ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். அண்ணி கம்பியில் கேள்வி கேட்டாள், நிறுத்தினாள். அந்த நாலு எண்ணிக்கைக்குள் நீராவியின் பதில் வந்து விழுந்தது, வெடுக்கென்று, அவள் பேசுகிற மாதிரியே. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அடுத்த கேள்வியை இன்னும் குத்தலாகக் கேட்டாள். பேக்கிங்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இரண்டு கிட்டாரும் மோதிக்கொண்ட கடைசிப் பகுதியில் யாரோ தட்டில் தாளம் போட, மேசைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

முடிந்தது. மிமிக்ரிக்காரன்தான் முதலில் எழுந்து கைதட்டினான்.

சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சனிக்கிழமை நீங்கதான் கடைசி.”

“கடைசியா? ஏன்மா?” நீராவி கொதிக்கத் தொடங்கினாள்.

“உங்களுக்கு அப்புறம் எவன் மேடை ஏறுவான்?”

வேலை மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. “இன்னொரு தடவை” என்றது பின்வரிசை. சூப்பர்வைசர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உருளை எங்கேயும் ஓடிடாது. வாசிங்க.”

“மறுபடி அஞ்சாம் பாட்டா, ஆறாவதா?” என்று கேட்டாள் நீராவி.

“பத்தும்தான்” என்றாள் அண்ணி.