ஸ்கேனில் ஒன்றுமில்லை

கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு மூன்றாம் தளத்தை நெருங்கியபோது, கம்பி கட்டுகிற ஆள் ஒருவர் குனிந்தபடியே அதன் அடியில் வந்துவிட்டார். தள ஓரத்தில் நின்ற சிக்னல்காரர் விரலை மேலே நீட்டிச் சுழற்றினார். தூக்கு என்று அர்த்தம். கட்டு இறங்கியது.

சிக்னல்காரர் தொண்டை கிழியக் கத்தினார். அடியில் இருந்தவர் உருண்டு விலகினார். அவர் கையுறை மட்டும் கம்பிகளுக்குக் கீழே மாட்டிக்கொண்டது.

கிரேன் கூண்டிலிருந்து இறங்கி வந்த ஆபரேட்டருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவர் சிக்னல்காரருடைய மனைவியின் அண்ணன்.

"வழக்கம்போல மாத்திக் காட்டுறீங்கன்னு நெனச்சுட்டேன் மாப்ளே."

"இந்தத் தடவ சரியாத்தான் காட்டினேன் மச்சான்."

"சரியா காட்டப்போறதா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் ஆபரேட்டர். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன மழைக்காலத்தில் கிரேன் கொக்கி ஆடிவந்து சிக்னல்காரரின் தலைக்கவசத்தில் இடித்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அன்றிலிருந்து வெயில் கண்ணைக் குத்தியது. தட்டு விழுந்த சத்தத்துக்கெல்லாம் மனைவி மேல் எரிந்து விழுந்தார். ஏற்றுவதற்கு எந்தச் சைகை, இறக்குவதற்கு எது என்று குழம்பி, கை பெரும்பாலும் மாற்றியே காட்டியது. தங்கை குடும்பம் ஓடவேண்டுமே என்று மச்சானும் அதை மனதுக்குள் திருத்தி ஓட்டப் பழகியிருந்தார். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு.

மதியம் கொட்டகையில் பாதுகாப்பு வகுப்பு. கம்பெனி ஒரு டாக்டரம்மாவை வரவழைத்திருந்தது.

"தலையில அடிபட்டா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாம போகலாம். ஆனா தலைவலி, மறதி, கோவம், வெளிச்சம் ஆகாம போறது, இதெல்லாம் மாசக்கணக்கா இருக்கலாம். பயப்படாதீங்க. ஓய்வெடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குத் திரும்பினா பெரும்பாலும் சரியாயிடும். மறைக்க மட்டும் மறைக்காதீங்க."

சிக்னல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்கு இருப்பது நிஜம்தான் என்று முதல்முறையாக ஒருவர் சொல்கிறார். மச்சான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"எனக்கு அப்படியேதான் இருக்கு டாக்டரம்மா. காலையில ஒரு உயிர் போயிருக்கும்."

டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். இவருக்குக் கட்டாயம் ஓய்வு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு சிக்னல்காரரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே அழைத்துப் போனார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. அதனால அடிபட்டதுக்கான லீவு கெடையாது. தலை சரியில்லைன்னு நீங்களே அத்தன பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. அதனால வேலையும் கெடையாது."

"அடிபட்டது இங்கதானே சார்?"

"நான் என்ன பண்றது? மேல சொல்றதத்தான் நான் செய்யணும்." சிக்னல்காரர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நடந்தது எதுவும் தெரியாத டாக்டரம்மா, துணிந்து பேசியவர் முன்னால் நிற்கட்டும் என்றார். 'உங்கள் உயிரே எங்களுக்கு முக்கியம்' என்று எழுதிய பதாகையின் ஒரு முனையைச் சிக்னல்காரர் கையில் கொடுத்தார்கள். ஃபிளாஷ் வெட்டியதும் அவர் கண்கள் இறுக மூடிக்கொண்டன.

"கண்ணத் திறந்து வைங்கண்ணே," என்றார் படம் எடுத்தவர். "சிரிச்ச மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கலாம்."