ஹீட்டருக்கு வைத்த பொட்டு

என் மாமனார் அங்கமுத்துவிடம் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆயுத பூஜை என்றால் அவரே எடுத்துக்கொள்வார். பூன் லே பக்கம் கப்பல் பட்டறையில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்து, ஒரு தடவை ஓட விட்டு நிறுத்துவார்களாம். ஓட்டிப் பார்க்காத பூஜை பூஜையே இல்லை என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்று எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்த பிறகும் கட்சி மாறவில்லை. மிக்ஸிக்குப் பொட்டு, ஒரு சுற்று. ரைஸ் குக்கருக்குப் பொட்டு, ஒரு டிக். தரையைத் தானாகப் பெருக்கும் ரோபோவுக்குப் பட்டையே போட்டுவிடுவார். போன வருடம் லிஃப்ட் பொத்தான்களுக்கும் வைக்கக் கிளம்பியவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம்.

இந்த வருடம் பூஜையன்று பார்த்தா பாத்ரூம் ஹீட்டர் ஒழுக வேண்டும்? ப்ளம்பரைக் கூப்பிடலாம் என்றேன். என் கணவர் ஸ்ரீராம் கேட்கிற ஆளா?

"சின்ன லீக் லா, யாமினி. வீடியோ பார்த்துட்டேன்" என்றார். பேங்கில் கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கு வீடியோ பார்த்தால் எல்லாம் வந்துவிடும்.

முறையாகத்தான் ஆரம்பித்தார், இல்லையென்று சொல்லவில்லை. பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்தார். தண்ணீர் வால்வை மூடினார். சூடு ஆறும்வரை காத்திருந்து, ஹீட்டருக்குள் இருந்த தண்ணீரையெல்லாம் வாளியில் இறக்கினார். பிறகு ஸ்டூலில் ஏறி ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றினார். ஸ்விட்சைத் தொடாதீர்கள் என்று மட்டும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மாமனார் வாஷிங் மெஷினை முடித்துவிட்டுக் கிண்ணத்தோடு நகர்ந்தார்.

"நம்ம வீட்ல ஹீட்டர் எவ்வளவு உழைக்குது, அதைப் போய் மறந்துட்டேனே" என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அடுத்து டக் என்று ஒரு சத்தம்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். புதுப் பொட்டுக்குக் கீழே ஸ்விட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாத்ரூமுக்குள் ஸ்ரீராம் ஸ்டூல்மேல் நின்றிருந்தார். இரண்டு கையும் ஈரம். கையிலிருந்த ஸ்பேனர் ஹீட்டரின் அடிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே கம்பிகள் திறந்து கிடந்தன.

"கையை எடுங்க" என்று நான் கத்தியது பக்கத்து ப்ளாக் வரை கேட்டிருக்கும். கத்திக்கொண்டே ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன். ஸ்பேனர் விழுந்து தரையில் ஓடு ஒன்று உடைந்தது.

"என்னம்மா, பூஜை போட்டதை உடனே அணைச்சிட்ட" என்றார் மாமனார்.

"உள்ள உங்க பிள்ளை கை வச்சிருக்காரு மாமா. ஹீட்டர்ல சொட்டுத் தண்ணி கிடையாது, கம்பியெல்லாம் வெளிய கிடக்கு. நான் மட்டும் வராம இருந்திருந்தா..." அவ்வளவு பயம் எனக்கு வந்ததே இல்லை. பயம் கொஞ்சம் தெளிந்ததும் கோபம் ஸ்ரீராம் பக்கம் திரும்பியது.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? அந்த ஸ்விட்ச் மேல ஒரு டேப் ஒட்டினா கை தேஞ்சா போயிடும்?"

ஸ்ரீராம் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனார் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். திறந்த ஹீட்டரைப் பார்த்தார், மகனுடைய ஈரக் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது.

"கப்பல் யார்டுல ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டுத்தான் மெஷின்ல கை வைப்போம்" என்றார் மெதுவாக. "வீட்ல எனக்கு அது தோணலையே."

ப்ளம்பர் செல்வராஜுக்கு நானே ஃபோன் போட்டேன். அவர் வரும்வரை மாமனார் ஸ்விட்சை முதுகால் மறைத்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காபிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கற்பூரத் தட்டுகூட அவர் இருந்த இடத்துக்குத்தான் போனது. சுண்டலையும் அங்கேயே சாப்பிட்டார்.

செல்வராஜ் வந்து ஒழுகிய குழாயை மாற்றி, மூடியைப் பூட்டினார். வால்வைத் திறந்தார். சுடுநீர்க் குழாய் முதலில் காற்றாகத் துப்பியது, பிறகு தண்ணீர் சீராகக் கொட்டியது. "ஹீட்டர் ரொம்பிடுச்சு. இப்ப போடலாம் அங்கிள்" என்றார்.

மாமனார் எழுந்தார். ஸ்விட்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகனைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கை இரண்டிலும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். பொட்டு கோணலாக விழுந்தது.

"ஆட்டிக் காட்டு" என்றார்.

ஸ்ரீராம் பத்து விரலையும் ஆட்டிக் காட்டினார்.

"ஓடுது" என்று சொல்லிவிட்டு, மாமனார் குங்குமக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.