கை நிறையக் கம்மல்

பதினாறு வருஷம் பந்து போட்டவருக்குப் பந்தைச் சும்மா விடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. கூடைப்பந்து ஆடுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. உயரமும் அப்படி, காத்திருந்து கொத்தும் குணமும் அப்படி. முழங்கால்கள் இரண்டும் ஒன்றாக ராஜினாமா கொடுத்த பிறகு, ஒரு மருத்துவமனையின் பெண்கள் அணிக்குக் கோச்சாகச் சேர்ந்தார். சரக்கு பழசானாலும் லேபிள் நல்ல லேபிள் என்றுதான் அணிச் செயலாளர் அவரை எடுத்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் மானம் போனது. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறந்த பந்தை உள்ளே தட்டிவிட, கேப்டன் பாய்ந்து வந்துகொண்டிருந்தாள். வெளியே நின்ற கொக்கு லபக்கென்று பந்தைப் பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா, அங்கிருந்தே கூடையிலும் போட்டார். வளையத்தில் உரசாமல் விழுந்தது. கூட்டம் கை தட்டியது. நடுவர் விசில் ஊதி, கோச் பந்தைத் தொட்டது குற்றம் என்று எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் கூடையில் எறிய, ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். அந்த ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை கை நீண்டது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கும், அடுத்த வருஷம் வேறு கோச் என்று செயலாளர் சொல்லிவிட்டார். சரக்கு இல்லாத கடைக்காரர் "நாளைக்கு வாங்க" என்பாரே, அந்தப் பணிவோடு சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர், தலை நிமிராமல் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "நீங்க ரிட்டயர் ஆனது ஊருக்கே தெரியும். உங்க கைக்கு யாரும் சொல்லலையா?"

மறுநாள் இதைக் கேப்டனிடம் சொல்லிப் புலம்பினார். அவள் அறுவை சிகிச்சை வார்டில் ஹெட் நர்ஸ். புலம்பலைக் கேட்டால் மருந்து யோசிக்கிற ஜாதி.

கடைசி ஆட்டத்தன்று, நகை போட்டுக்கொண்டு ஆடக்கூடாது என்பதால், பெண்கள் வழக்கம்போலக் கம்மலைக் கழற்றினார்கள். வழக்கமாக அவை ஒரு டப்பாவுக்குப் போகும்.

"கையை நீட்டுங்க கோச்," என்றாள் கேப்டன், ஊசி போடும் குரலில். "ரெண்டையும்."

குவித்த உள்ளங்கைகளில் ஒன்பது ஜோடிக் கம்மல், திருகோடு வந்து விழுந்தது.

"ஒண்ணு தொலைஞ்சாலும் எங்க மாமியாருங்க உங்ககிட்டதான் வருவாங்க."

நாற்பது நிமிஷ ஆட்டம் முழுக்கக் கொக்கு பிரசாதம் வாங்கியவர் போல நின்றார். கை காட்ட வழியில்லாததால் வாயால் சொன்னார், சொல்வதற்காகப் பார்த்தார். ஆடிய காலத்தில் பந்தை மட்டுமே பார்த்தவருக்கு அன்றுதான் பத்துப் பேரும் கண்ணில் பட்டார்கள். எதிரணியின் நெட்டைப் பெண் எப்போதும் இடது பக்கமே திரும்புகிறாள் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவளை மடக்கினார்கள். பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது ஒன்றாகச் சுருங்கியது.

ஆறு விநாடி மிச்சம். பந்து யார் கையிலோ பட்டுத் தெறித்து, நேராக அவர் மார்பை நோக்கி வந்தது. விரல்கள் துடித்தன. கம்மல் ஊசிகள் உள்ளங்கையில் குத்தின. கொக்கு கைகளை மார்போடு இறுக்கி, பக்கவாட்டில் நகர்ந்தார்.

அந்த இடைவெளியில் கேப்டன் பறந்தாள். அந்தரத்திலேயே பந்தைப் பின்பக்கமாக வீசிவிட்டு, நாற்காலிகளின் மேல் போய் விழுந்தாள். கூடையடியில் நின்ற, மருத்துவமனை லேபில் வேலை பார்க்கும் பெண் அதை வாங்கிப் போட்டாள். விசில் ஒலித்தது. ஒரு புள்ளியில் ஜெயம்.

கொக்கு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார்.

ஒன்பது ஜோடிக் கம்மலும் ஆடுகளமெங்கும் சிதறின.

செயலாளர் வாயெல்லாம் பல்லாக வந்து, அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றபோது, மொத்த அணியும் தவழ்ந்துகொண்டிருந்தது. முழங்காலைத் தரையில் தேய்த்தபடி வந்த கேப்டன் தலையைத் தூக்கினாள்.

"ஒரு திருகு குறையுது சார். அது கிடைக்கிற வரைக்கும் கோச்சை எங்கயும் அனுப்ப மாட்டோம்."

செயலாளர் பேன்ட்டைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தாமும் மண்டியிட்டார். ராஜினாமா கொடுத்த முழங்கால்கள் முனகின. கொக்கு காதில் போட்டுக்கொள்ளாமல் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்தார்.