மூன்றாம் ஓலை

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிக்கும் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தாக வேண்டும். இரண்டு ஞாயிறு நல்லபடியாகக் கழிந்துவிட்டது. இந்த மூன்றாவதை நினைத்தால்தான் மணப்பெண் ஹெஸ்டருக்குப் பயமாக இருந்தது.

காரணம் ஏவிஸ். மாப்பிள்ளை வில்ஃப்ரட்டின் அக்கா. அறுபத்தாறு வயதுத் தம்பிக்கு நாற்பது வருஷமாகச் சமைத்துப் போட்டவள். கல்யாணச் சேதியைக் கேட்ட நாளிலிருந்து ஹெஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பீடத்துக்குப் பூ வைக்கும் முறை இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தபோதுகூட, நடுவில் டேலியாப் பூக்களை வைத்துக்கொண்டு ஊமை நாடகம்தான். முதல் இரண்டு ஞாயிறும் முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். இன்றைக்கோ நீலத் தொப்பியும் அதுவுமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நல்லதுக்கா வந்திருப்பாள்?

மணியடித்துவிட்டுக் கோபுரப் படியிறங்கி வந்த வில்ஃப்ரட், மூச்சு வாங்கியபடி ஹெஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா தடை சொல்லத்தான் வந்திருக்காங்க."

"அக்கா மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவருக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

நல்ல ஆறுதல் போங்கள்!

வழக்கமான பாதிரியாருக்கு ஐந்து ஊர்க் கோயில்கள். இன்று அவர் வேறு ஊரில். அவருக்குப் பதிலாக, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுச் சீட்டை எட்டப் பிடித்து வாசித்தார்: "மனைவியை இழந்த வில்ஃப்ரட் டிரான்டருக்கும், கன்னிகையான ஹெஸ்டர் பார்ஜிட்டருக்கும் மூன்றாம் முறையாக ஓலை வாசிக்கிறோம். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹெஸ்டர் காதில் எதுவுமே விழவில்லை. அவள் கண் நீலத் தொப்பியின் மேலேயே இருந்தது. தொப்பி எழுந்தது.

"எனக்கு இருக்கு, ஐயா."

போச்சு, எல்லாம் போச்சு! ஹெஸ்டர் வில்ஃப்ரட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரணம், அம்மா?" பாதிரியாருக்கு நாக்குக் குழறியது.

"என் தம்பிக்கு ஏது பொண்டாட்டி, சாகறதுக்கு? அவன் கல்யாணமே ஆகாதவன். புருஷனைப் பறிகொடுத்தவ ஹெஸ்டர்தான். அவ புருஷன் பெர்சி வெளியில கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில படுத்திருக்கார், நாமெல்லாம் சேர்ந்துதானே மண்ணு போட்டோம்? அந்த மனுஷனை இல்லவே இல்லேன்னு ஆக்கிட்டீங்களே! இப்படித் தலைகீழா வாசிச்சா ஓலை செல்லாது. ஓலை செல்லலேன்னா கல்யாணமும் செல்லாது. ஒழுங்கா, முதல்லேருந்து வாசிங்க."

கோயிலே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பாதிரியார் மறுபடி வாசித்தார். ஏவிஸ் நின்றபடியே கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். யாரும் தடை சொல்லவில்லை.

பிறகு அவள் ஹெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"வாயைத் திறந்தா இவன் குறட்டை, பிடிவாதம் எல்லாத்தையும் உளறிடுவேனோ, நீ ஓடிடுவியோன்னு பயந்துதான் இத்தனை நாள் பேசாம கிடந்தேன். ஓலை சரியில்லேன்னு நாளைக்கு இவனைத் திருப்பி என் தலைல கட்டிடாதே, தாயே. நாப்பது வருஷம் போதும்."

ஹெஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "திருப்பித் தரமாட்டேன்!" என்றாள், கோயில் என்பதையும் மறந்து உரக்க.