கன்ட்ரோலர் உள்ளேயா, வெளியேயா

1

ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தண்ணீர் கொதித்தது, அடுப்பை அணைத்தேன். ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டேன், வேறு சட்டையைப் போட்டுக்கொண்டேன். எட்டு மணிக்கு இதை எழுத உட்கார்ந்தேன். கணினிக் கார்டு விற்பவர் நேற்று போனில் கேட்டதுதான் காரணம்.

"சார், அந்த வெளிப்பெட்டியைத் திருப்பி எடுத்துக்கலாமா? நீங்க பிரிக்கவே இல்லையே."

2

முதல் தொடக்கம்: ஒரு சர்வரில் உள்ள பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி மேய்ப்பது கன்ட்ரோலர். அதை…

[பாடப்புத்தகம் போல இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் மனைவியின் வேலை. அந்தப் பதிவுகளைக் காப்பது என் வேலை. ஒரே அலுவலகம்.]

இரண்டாம் தொடக்கம்: வியாழன் காலை நாங்கள் சண்டை போட்டோம்.

சண்டை பெரிய வார்த்தை. விற்பவர் இரண்டு வகைக் கன்ட்ரோலரையும் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒன்று சர்வருக்குள் செருகும் கார்டு. மற்றது வெளியே தனியாக நிற்கும் பெட்டி. உள்ளே இருந்தால் வேகம், வயரும் குறைவு என்றேன். சர்வர் செத்தால் கார்டும் கூடவே சாகும், பெட்டி என்றால் வயரைப் பிடுங்கி வேறு சர்வரில் மாட்டலாம் என்றாள். நான் படித்தது கணினி, அவள் படித்தது வரலாறு. அதையும் சொல்லிக் காட்டினேன்.

3

பத்து மணிக்குப் பேச்சு முடிந்தது. பன்னிரண்டுக்குக் கார்டை மாட்டி முடித்தேன். போய்ச் சொல்லவில்லை. கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. சர்வர் எழுந்ததைப் பார்த்து அவளாகவே பதிவைத் தொடங்கினாள்.

நாற்பது நிமிடம் கழித்துப் பதிவு அறைக் கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வயது முப்பத்தொன்று. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

விழும் முன் ஏதாவது சொன்னாளா, என்னைக் கூப்பிட்டாளா என்பது அந்தப் பதிவில் இருந்தது. கேட்கத் துணிவில்லை. அப்புறம் கேட்கலாம் என்றிருந்தேன்.

[நகல் இல்லையா என்பீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் எடுப்பேன். அந்த வெள்ளி மயானத்தில் இருந்தேன்.]

4

ஆறாம் நாள் மின்சாரம் போய் வந்தது. சர்வரின் போர்டு கருகியது, கார்டோடு சேர்த்து. மறுநாள் போய் டிஸ்க்குகளைப் புதிய சர்வரில் போட்டேன். பழைய அமைப்பை ஏற்கவா, புதிதாக அமைக்கவா என்று திரை கேட்டது. புதிய சர்வர் வந்தால் எப்போதும் புதிது என்றே அழுத்துவேன். விரல் அதையே அழுத்தியது. உறுதியா என்றது. ஆம் என்றேன்.

டிஸ்க் முழுவதும், பழைய பதிவுகளின் மேலேயே, பூஜ்ஜியம் எழுத நான்கு மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மணி நேரத்தில்தான் என்ன செய்தேன் என்று…

விற்பவர் வந்து பார்த்தார். "வெறுமனே அழிச்சிருந்தா மீட்டிருக்கலாம் சார். மேலயே எழுதிட்டீங்களே."

5

முடிவு ஒன்று: கடைசியாக என் பெயரைச் சொன்னாள்.

முடிவு இரண்டு: எதுவும் சொல்லவில்லை. பாடத்தின் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இனி யாராலும் சரிபார்க்க முடியாது.

முந்தைய வரைவில் அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் மீறி மாட்டினேன். படிக்க நன்றாக இருந்தது. உண்மை அதுவல்ல. நான் காதால் கேட்டது, பத்து மணிக்கு, சர்வர் அறை வாசலில்:

"சரிப்பா, உள்ளயே வை. உன்கிட்ட யாரு பேசி ஜெயிக்கிறது."