பள்ளிக்கூட வாசலில் குரங்குப் பாலம்

எவெலியா டீச்சர் சோற்றையும் கறுப்பு அவரையையும் கரண்டியில் அள்ளி வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் கத்யா டீச்சர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடி வந்தாள். கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“கிடைச்சிருச்சு! கரன்ட் கம்பெனி நம்ம பள்ளிக்கூடத்தையே தத்து எடுத்துக்கிட்டாங்க! குரங்குப் பாலம், அறிவியல் கூடம், மரக்கன்னுத் தோட்டம், எல்லாமே!”

சமையல் பெண்கள் கைதட்டினார்கள். எவெலியாவும் தட்டினாள். பிறகு எழுந்து போய், தட்டில் இருந்ததை அப்படியே வாசல் நாய்க்குப் போட்டாள்.

குவானகாஸ்தே மாகாணத்தின் அந்தக் கடலோர ஊரில் குரங்கு என்றால் எவெலியா, எவெலியா என்றால் குரங்கு. விடியும்போது ஊரையே உலுக்குகிற மாதிரி ஊளையிடும் கறுப்புக் குரங்குகள் மரம் விட்டு மரம் தாவும். மரம் இல்லாத இடத்தில் மின்கம்பியைப் பிடிக்கும். பிடித்ததும் கருகி விழும். வேலைக்கு வந்த முதல் வருஷமே தன் வகுப்புப் பிள்ளைகள் கண்ணெதிரே ஒன்று விழுந்ததிலிருந்து எவெலியா சும்மா இருந்ததில்லை. பலகை எழுதி நட்டாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊர்வலம் போனாள். கம்பெனிக்கு மனு மேல் மனு போட்டாள். ஒரு தடவை பதில் வந்தது, கூடவே ஒரு பெட்டி பென்சிலும் வந்தது.

கத்யா தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்து இன்னும் சரியாக வெயில்கூடப் பழகவில்லை. பிள்ளைகளை வைத்து ஒரு வீடியோ எடுத்தாள், பின்னால் மரிம்பா இசையைப் போட்டாள், கம்பெனியின் சமூக உதவித் திட்டத்துக்கு அனுப்பினாள். அவ்வளவுதான். குரங்குகள் கம்பியைத் தொடாமல் சாலையைக் கடக்க ஒரு கயிற்றுப் பாலம் கிடைத்துவிட்டது.

“உழுதது நான், அறுத்தது அவ” என்றாள் எவெலியா அன்று வீட்டில்.

அவள் கணவன் ஆபெல் ஊஞ்சல் வலையில் படுத்தபடியே சிரித்தான். “அடி கிழவி, பாலம் குரங்குக்குத்தானே? உனக்கா கட்டுறாங்க?”

“உனக்கு என்ன தெரியும்? அந்த வீடியோல பேசுற பிள்ளைங்க யாரு? எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு வார்த்தை என் பேரச் சொன்னாளா?”

“சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பியாக்கும்.”

கத்யா பேரைச் சொல்லியிருந்தாலும் வயிறு எரிந்திருக்கும் என்று எவெலியாவுக்கே தெரியும். கத்யாவுக்கு இளம் வயது, பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற முகம். நேற்று வந்த பெண்ணைச் சமையல்காரிகள்கூட ‘எங்க கத்யா’ என்கிறார்கள். இத்தனை வருஷம் இருந்த எவெலியா அவர்களுக்கு இன்னும் ‘தோன்யா எவெலியா’தான். ‘தோன்யா’ என்பதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதை யாருடைய வயிற்றையும் குளிர வைப்பதில்லையே.

கம்பெனியிலிருந்து நோயெமி என்ற இன்ஜினியர் அம்மா இடம் பார்க்க வந்தாள். காப்பியும் சோள முறுக்கும் வைத்து உபசரித்தார்கள். கத்யா அவளைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிப்போய் சாலையின் இரண்டு பக்கத்து மரங்களையும் காட்டினாள்.

“இங்க கட்டுனா பிள்ளைங்க தினமும் பாக்கலாம். வர்றவங்க கண்ணுக்கும் தெரியும். குரங்கும் அந்த மாமரத்துல உக்காந்திருக்கிறத நானே பாத்திருக்கேன்.”

“உக்காந்திருக்கிறது சரி, ரோட்டக் கடக்குமா?” என்று கேட்டாள் நோயெமி. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். “இங்க ரொம்ப நாளா இருக்கிறவங்க யாராவது சொல்லுங்களேன்.”

குரங்குகள் அங்கே கடப்பதில்லை. மைதானத்துக்குப் பின்னால், புளியமரத்திலிருந்து எதிர்ப்பக்கத்து அத்திமரத்துக்குத்தான் போகும். எவெலியா வகுப்பில் ஆண்டாண்டாகச் சொன்ன விஷயம் அது. இப்போது கண்கள் தன் பக்கம் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது வார்த்தை. அந்த நேரம் கத்யா இன்ஜினியரின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

எவெலியா குனிந்து தன் காப்பியைக் குடித்தாள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பிள்ளைகள் குரங்கு வேஷம் போட்டு ஆடினார்கள். தடித்த கயிற்றில் பின்னிய ஏணி சாலைக்கு மேலே மின்கம்பிக்கு எட்டாத உயரத்தில் நீளமாகத் தொங்கியது. கத்யா அழுதுகொண்டே நன்றி சொன்னாள். கம்பெனிக்காரர்கள் படம் எடுத்தார்கள். எவெலியா பின்வரிசையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு குரங்குகூட அதில் கால் வைக்கவில்லை.

வாரங்கள் போயின. பிள்ளைகள் அதைத் ‘துணிக்கொடி’ என்று கேலி செய்தார்கள். “டீச்சர், சட்டையக் காயப்போடவா?” என்று பெரிய வகுப்புப் பையன்கள் கத்யாவைச் சீண்டினார்கள். கத்யா பாவம், இடைவேளையில் அண்ணாந்து பார்த்தபடியே நிற்பாள். வாழைப்பழம்கூடக் கட்டிப் பார்த்தாள். பழத்தை அணில்கள் தின்றன. எவெலியாவுக்கு ஒவ்வொரு நாளும் சோறு ருசித்தது. பாடம் நடத்துகையில் தன்னையறியாமல் முணுமுணுத்துப் பாடினாள். ஆபெல் அதைக் கவனித்து, “என்ன, யாராவது செத்துட்டாங்களா? இவ்வளவு சந்தோஷமா இருக்க?” என்றான்.

மறுநாள் உடற்பயிற்சி வகுப்பு நேரத்தில் மைதானத்தின் பின்னாலிருந்து வெடிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். எவெலியா போய்ச் சேர்ந்தபோது புளியமரத்துக்கும் அத்திமரத்துக்கும் நடுவே தாய்க்குரங்கு ஒன்று கீழே கிடந்தது. கைகள் கரிந்திருந்தன. அதன் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி உயிரோடு இருந்தது. யார் கை நீட்டினாலும் முகத்தைத் தாயின் ரோமத்துக்குள் புதைத்துக்கொண்டது.

கத்யா மண்ணில் மண்டியிட்டாள். தன் மேல்சட்டையைக் கழற்றி, குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பிரித்து அதைச் சுற்றி எடுத்தாள். சுற்றிலும் பிள்ளைகள் அழுதார்கள்.

நான்காம் வகுப்பு இட்சல் மட்டும் எவெலியாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், குரங்கு இங்கதான் கடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பறம் ஏன் பாலத்த அங்க கட்டுனாங்க?”

கத்யா நிமிர்ந்தாள். நெஞ்சோடு குட்டியை அணைத்தபடி எவெலியாவையே பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா, தோன்யா எவெலியா?”

எவெலியாவால் பொய் சொல்ல முடியவில்லை. “தெரியும்.”

“அன்னைக்கு இன்ஜினியர் கேட்டாங்களே. பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“என்னைப் பிடிக்கலேன்னா என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். முகத்துல காறித் துப்பியிருக்கலாம். இது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

‘என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாயே’ என்ற வரி மட்டும் எவெலியாவுக்குள் கிடந்தது. அந்தக் கரிந்த கைகளுக்கு முன்னால் அதை எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. கத்யா அவளைக் கடந்து போனாள். குட்டியை அன்றே விலங்கு மீட்பு இல்லத்துக்கு வண்டியில் கொண்டுபோனார்கள்.

எவெலியா வகுப்பை விட்டுவிட்டு அலுவலக அறையிலிருந்து நோயெமிக்குப் போன் போட்டாள். இடம் தப்பு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்திருக்கலாம். “எனக்கு முன்னாலேயே தெரியும், பொறாமையில வாயத் திறக்கல” என்று அதையும் சொல்லிவிட்டாள்.

“நாங்களும் ஒரே ஆளுகிட்ட கேட்டுட்டுப் போயிருக்கக் கூடாது” என்றாள் நோயெமி. “நாளைக்கு வர்றேன். இந்தத் தடவை நீங்க கூட வாங்க.”

பாலத்தை அவிழ்த்து மைதானத்துக்குப் பின்னால் கட்டினார்கள். அந்த இடத்துக் கம்பிகளுக்கு உறையும் போட்டார்கள். சில நாளிலேயே ஒரு கிழட்டு ஆண் குரங்கு கயிற்றை முகர்ந்து பார்த்து, காலால் தட்டிப் பார்த்து, சாவகாசமாக நடந்து போனது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போனது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் சர்ச் மணிச்சத்தம்கூடக் காதில் விழவில்லை.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் கத்யா எவெலியாவை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. கம்பெனி அந்த மாதம் வீட்டுக்கு வீடு அனுப்பிய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கயிற்றில் நடக்கும் குரங்கும், கீழே கத்யாவும் பிள்ளைகளும் வண்ணப் படமாக வந்தார்கள். எவெலியா அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். வயிறு பழையபடி எரிந்தது. செய்த பாவம் தெரிந்த பிறகும் எரிகிறதே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அடுத்த வாரம் கத்யா அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“ரெண்டாவது பாலம் தர்றாங்களாம். சர்ச் பக்கம் இன்னொரு குரங்குக் கூட்டம் இருக்குன்னு இட்சல் சொல்றா. எங்க கடக்கும்?”

“வாயால சொன்னா புரியாது. நடந்து காட்டணும்.”

“அப்ப வாங்க.”

உச்சி வெயிலில் இருவரும் போனார்கள். கத்யா வேகமாக முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஓடை திரும்புகிற இடத்தில் எவெலியா நின்றாள்.

“அங்க இல்ல, கத்யா. இந்தப் பக்கம்.”